பெனூச்சி

பெனூச்சி என்பது பழுப்புச் சர்க்கரை, பால், வெண்ணெய் ஆகியவற்றைக் காய்ச்சி, வனிலா மணமூட்டிச் செய்யப்படுவதும், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பெரிதும் வழங்குவதுமான மென்மிட்டாய் ஆகும். இது ‘ஃபட்ஜ்’ எனப்படும் பால்மிட்டாய் வகையைச் சேர்ந்ததெனினும், வழக்கமாக இதில் சாக்லேட் சேர்வதில்லை. பழுப்புச் சர்க்கரையில் தங்கியுள்ள கரும்புப்பாகே இதன் வெளிர்பழுப்பு நிறத்திற்கும் கேரமலை ஒத்த சுவைக்கும் முதன்மைக் காரணம்.

பாகு ஏறத்தாழ 114 பாகை செல்சியசை எட்டி, குளிர்நீரில் விட்ட துளி விரலுக்கு இசைந்து உருளும் உருட்டுப் பதத்தை அடைந்ததும் அடுப்பிலிருந்து இறக்கப்படுகிறது. சுமார் 43 பாகைக்கு ஆறும்வரை அதைக் கிளறாது விடுவதே செய்முறையின் உயிர்நாடி. சூட்டிலேயே கிளறினால் சர்க்கரை பெரும்படிகங்களாகித் திரண்டு நறநறக்கும். ஆறிய பாகு பளபளப்பு மங்கும்வரை விடாது அடிக்கப்பட்டு, பெரும்பாலும் பெக்கான் அல்லது வால்நட் பருப்பு கலந்து, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி வில்லைகளாக வெட்டப்படுகிறது. சற்று இளகிய பதத்தில் இக்கலவை கேக்கின் மேற்பூச்சாகவும் பயன்படுகிறது.

கட்டிச் சர்க்கரையைக் குறிக்கும் மெக்சிக்க ஸ்பானியச் சொல்லான ‘பனோச்சா’விலிருந்து இப்பெயர் பிறந்தது. ஹவாயில் அம்மூலவடிவமும் வழங்க, தென்மாநிலங்களில் இது பழுப்புச் சர்க்கரை ஃபட்ஜ் என்றும் அறியப்படுகிறது.