ஓஷெவ் நீர்மூழ்கியும் கடதாசி மாதிரியும்

வரலாற்றாசிரியனுக்குச் சான்றாக அமைவன கல்லும் செப்பேடும் ஓலையும் கட்டடமும் ஆம். கப்பல்களோ பெரும்பாலும் இவை போல நிலைத்து நிற்பதில்லை. பணிக்காலம் முடிந்ததும் பழைய இரும்பாக உடைக்கப்படும். அன்றேற் கடலடியிற் கிடந்து துருவேறும். நீர்மூழ்கிக் கப்பலின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மறைந்து திரிதலே அதன் தொழிலாதலின், அது மாண்ட இடமும் பல வேளைகளில் அறியப்படுவதில்லை. அத்தகைய கப்பலொன்றின் உருவைக் கடதாசியிற் பெரிய அளவிற் சமைக்கப் புகுவோன், வரலாற்றாய்வாளன் செய்யும் வேலையிற் பெரும்பகுதியைத் தானும் செய்தாக வேண்டும். போலந்து நாட்டின் ‘ஓஷெவ்’ என்னும் நீர்மூழ்கியைக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவாம்.

ஓஷெவ் என்னும் சொல் போலந்து மொழியிற் கழுகினைக் குறிக்கும். கப்பலைக் கட்டுவதற்கு அந்நாட்டு மக்கள் நன்கொடை திரட்டி உதவினர். ஒல்லாந்து தேசத்து விலிசிங்கன் நகரிலுள்ள ‘த ஷெல்டே’ கப்பற்றளத்தில் உருவாகி, 1938 ஆம் ஆண்டு சனவரி 15 ஆந் திகதி அது நீரில் இறக்கப்பட்டது. 1939 பெப்ரவரியிற் கடற்படையிற் சேர்ந்தது. நீளம் 84 மீற்றர். அகலம் ஏறத்தாழ 6.7 மீற்றர்; நீரின்மேல் மிதக்கும்பொழுது நிறை ஏறத்தாழ 1,100 தொன். டொர்பிடோக் குழாய்கள் பன்னிரண்டு; முன்புறத்தில் 105 மில்லிமீற்றர் பீரங்கி ஒன்று. இதே வரைபடத்தின்படி ‘செம்ப்’ என்னும் உடன்பிறப்புக் கப்பலொன்றும் ரொட்டர்டாம் நகரிற் கட்டப்பட்டது. அப்பெயரை வாசகர் நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்னர் அது சான்றாக வந்து நிற்கும்.

1939 செத்தெம்பர் 1 ஆந் திகதி ஜேர்மனி போலந்தைத் தாக்கியது. கடலிற் காவல் செய்துகொண்டிருந்த ஓஷெவ்வின் தலைவர் ஹென்ரிக் குவோச்கோவ்ஸ்கி நோயுற்றார். காற்றழுத்தப் பொறியொன்றும் பழுதுற்றது. எனவே அக்கப்பல் நடுநிலை நாடாகிய எஸ்தோனியாவின் தலைநகர் தாலினை 14 ஆந் திகதி அடைந்தது. தலைவர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டார். ஆயின் எஸ்தோனிய அதிகாரிகள், ஜேர்மனியின் நெருக்குதலுக்கு ஆளாகி, கப்பலைத் தடுத்து வைத்தனர், கடல்வரைபடங்களைப் பறித்தனர், பீரங்கியின் பின்வாய்ப் பூட்டைக் கழற்றினர், டொர்பிடோக்களை ஒவ்வொன்றாக இறக்கலாயினர். பொறுப்பை ஏற்ற துணைத்தலைவர் யான் குருஜின்ஸ்கி, டொர்பிடோக்களைத் தூக்கும் கம்பிவடத்தை எவரும் அறியாவாறு அறுத்துவிட்டார். வடம் அறுந்தது, இறக்கும் வேலை நின்றது, சில டொர்பிடோக்கள் கப்பலிலேயே எஞ்சின. 17 ஆந் திகதி இரவு கழிந்து 18 ஆந் திகதி பிறந்த வேளையிற் காவலர் இருவரை மடக்கி, விளக்குகளை அணைத்து, கட்டுவடங்களை வெட்டிக்கொண்டு ஓஷெவ் புறப்பட்டது. துறைமுக வாயிலிற் சற்றே தரைதட்டிப் பின் விடுபட்டது. தேடொளிகளும் பீரங்கிகளும் பின்தொடர, கடலுள் மூழ்கிற்று.

இப்பயணத்தைப் பற்றி எழுதுவோர் குருஜின்ஸ்கியின் துணிவையே மிகுத்துப் பேசுவர். அது தகும். ஆயினும் எம் கருத்திற் கப்பலைக் காத்தது ஒரு கடதாசியே. பால்திக்குக் கடலோ ஆழமற்றது. மணற்றிடல்களும் கண்ணிவெடிகளும் நிறைந்தது. வரைபடமின்றி அதிற் செல்லுதல் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதனை ஒக்கும். எஸ்தோனியர் எடுத்துச் செல்லாது விட்டது, கலங்கரை விளக்கங்களின் பட்டியல் அடங்கிய நூல் ஒன்று. வழிகாட்டும் அதிகாரியாகிய மரியன் மொக்ர்ஸ்கி, அந்நூலில் உள்ள இடக்குறிப்புகளையும் தம் நினைவையும் துணையாகக் கொண்டு, கரையோரத்தைத் தாமே வரைந்தார். அவ்வரைபடத்தின் துணையோடு ஓஷெவ் அக்கடலில் நாட்கள் பல கழித்து, தென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட நீரிணை வழியாக வெளியேறி, ஒற்றோபர் 14 ஆந் திகதி ஸ்கொத்லாந்துக் கரையை அடைந்தது. காவலர் இருவரும் கொல்லப்பட்டனர் என ஜேர்மன் தரப்பிற் பரப்பப்பட்டது. உண்மையில் அவர்கள் சுவீடனுக்குரிய கொத்லாந்துத் தீவருகே படகில், உணவும் பணமும் கொடுத்து அனுப்பப்பட்டிருந்தனர். எஸ்தோனியாவுக்கோ இத்தப்புதல் தீங்காய் முடிந்தது. கப்பலைத் தப்பவிட்டனர் எனக் குற்றஞ்சாட்டிய சோவியத் அரசு, அதனையே காரணமாகக் காட்டி நெருக்கி, அந்நாட்டில் இராணுவத் தளங்கள் அமைக்க இடந்தரும் உடன்படிக்கையைச் செத்தெம்பர் 28 ஆந் திகதி பெற்றுக்கொண்டது.

1940 ஏப்பிரல் 8 ஆந் திகதி நோர்வேயின் தென்கரையில் ‘ரியோ த சனேரோ’ என்னும் ஜேர்மன் கப்பலை ஓஷெவ் தாக்கி மூழ்கடித்தது. கரையேறிய படைவீரர் தாம் பேர்கன் நகருக்குச் செல்வதாகக் கூறியும், மறுநாள் விடியுமுன் வரவிருந்த படையெடுப்பை நோர்வே அரசினர் தக்கவாறு உணர்ந்திலர். மே 23 ஆந் திகதி ரொசைத் தளத்தினின்று மீண்டும் காவலுக்குச் சென்ற ஓஷெவ் திரும்பவில்லை. யூன் 11 ஆந் திகதி இழக்கப்பட்டதாக அறிவித்தனர். போலந்தியர் அறுபதின்மரும் பிரித்தானியர் மூவரும் அதனுடன் மறைந்தனர். கண்ணிவெடியா, குண்டா, தன்பக்கத்தார் பிழையா என்பது தெளியப்படவில்லை. அதனைத் தேடிச் சென்ற போலந்துக் குழுவொன்று 2017 இல் வட கடலின் அடியில் ஒரு நீர்மூழ்கியைக் கண்டது. அதுவோ பிரித்தானியரின் ‘நார்வால்’ ஆயிற்று.

உடல் கிடையாத இக்கப்பலுக்குப் போலந்து மக்கள் கடதாசியில் உடல் கொடுத்தனர். அச்சிட்ட தாளை வெட்டி மடித்து உரு அமைக்கும் கலை ஐரோப்பாவிற் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்சின் எப்பினால் நகரத்து அச்சகமும், ஜேர்மனியின் எஸ்லிங்கன் நகரில் 1831 இல் நிறுவப்பெற்ற ஷ்ரைபர் நிறுவனமும் இதிற் பெயர் பெற்றன. போர்க்காலத்திற் பிற பொருட்கள் அரியனவாகியபோது பிரித்தானியரும் சிறு தாள்களில் மாதிரிகள் வெளியிட்டனர். ஆயின் இக்கலை ஒரு தலைமுறையினர் முழுவதற்கும் பொதுவாகியது போலந்திலேயே. 1957 இல் ‘மாவி மொடெலாஷ்’, அதாவது ‘சிறிய மாதிரியாளன்’, என்னும் இதழ் அங்குத் தொடங்கிற்று. பிளாஸ்ரிக் மாதிரிகள் கிடைத்தற்கரிய நாட்டில் இதழும் கத்தரிக்கோலும் பசையும் இருந்தாற் போதும். எளிய வீட்டுச் சிறுவனும் ஒரு போர்க்கப்பலுக்கு உரியவனாகலாம்.

சிறு மாதிரி அறியாமையை மறைத்துவிடும். பெரிய மாதிரி மறைக்காது. இருநூற்றில் ஒரு பங்கு அளவில் ஓஷெவ் 42 சென்ரிமீற்றர் நீளமே வரும். ஐம்பதில் ஒரு பங்கு எனின் 168 சென்ரிமீற்றர், ஓர் ஆளின் உயரம். முன்னதிற் பீரங்கியின் வாய் அரை மில்லிமீற்றர் அளவான புள்ளி. பின்னதில் இரண்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட துளை. நீளம் நான்கு மடங்காயின் மேற்பரப்பு பதினாறு மடங்காகும். தாளின் தடிப்போ அவ்வாறு வளர்வதில்லை. ஆதலாற் பெரிய மாதிரியின் தோல் தன் பாரத்தையே தாங்காது தொய்யும்.

இதற்கு மாற்று, மெய்யான கப்பல் கட்டுவோர் கையாளும் முறையேயாம். வல்வெட்டித்துறையிற் கப்பல் கட்டியோர் ஏரா எனவும் வங்கு எனவும் வழங்கிய அடிமரமும் விலாச்சட்டமும் இங்கும் வேண்டும். தடித்த மட்டையில் நெடுக ஓர் ஏராவும், குறுக்கே நிரையாக வங்குகளும் வெட்டி, ஒன்றிலொன்று பொருந்துமாறு பிளவிட்டுக் கோத்தல் வேண்டும். வங்குகளின் இடைவெளி கூடினால், மேலே ஒட்டிய தாள் உட்குழிந்து பட்டினி கிடந்த மாட்டின் விலாவைப் போலத் தோன்றும். இக்குறையே பெரிய மாதிரிகளிற் பெரிதும் காணப்படுவது. ஆகவே தேர்ந்தோர் வங்குகளின்மேல் மெல்லிய உட்தோல் ஒன்றை முதலில் ஒட்டி, அது உலர்ந்த பின்னரே அச்சிட்ட வெளித்தோலைப் போர்த்துவர். நீர் மிகுந்த பசை தாளை நெளியச் செய்யுமாதலின் அதனை விலக்குவர்.

கடதாசிக்கு இயற்கையான பிடிவாதம் ஒன்று உண்டு. அது ஒரு திசையில் வளையும். இரு திசைகளில் ஒருங்கே வளையாது. நீர்மூழ்கியின் நடுவுடல் பெரும்பாலும் இதற்கு இசையும். முன்னும் பின்னும் ஒடுங்கும் இடங்களிலோ இசையாது. அங்குத் தாளைத் தோடம்பழத் தோலை உரித்து விரித்தாற்போல இதழ் இதழாகப் பகுத்து வெட்டி, விளிம்பொடு விளிம்பு பொருத்த வேண்டும். வெட்டிய விளிம்பின் வெண்மை தெரியாதிருக்க அதே நிறத்தை முன்னரே தீட்டுவர். பொறுமை அற்றோர் இவ்விடத்திலேயே வேலையைக் கைவிடுவர்.

கை வருந்தும் இவ்வேலையினும் அறிவு வருந்தும் வேலை கடினமானது. ஓஷெவ் இல்லை, அதன் சாயலைக் கூறத்தக்கன கட்டுமான வரைபடங்கள், போர்க்கால நிழற்படங்கள், உடன்பிறப்பாகிய செம்ப் ஆகியனவே. செம்ப் சுவீடனில் தடுத்து வைக்கப்பட்டுப் போர் முடிந்தபின் 1945 இற் போலந்துக்கு மீண்டது. 1959 இல் வெளியான ‘ஓஷெவ்’ என்னும் திரைப்படத்தில் தன் உடன்பிறப்பின் வேடத்தைத் தானே தாங்கியது. 1972 இல் உடைக்கப்பட்டது. ஆயின் அது போருக்குப் பின்னர் மாற்றங்கள் பெற்ற கப்பல். திரைப்படத்திற் கண்டதை ஓஷெவ் எனக் கொண்டு வெட்டுவோன் 1950 களின் கப்பலுக்கு 1940 ஆம் ஆண்டின் பெயரைச் சூட்டியவனாவான். சான்றுகளுள் எது எக்காலத்தது எனப் பிரித்தறிதல் இவ்வாறு கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னரே முடியவேண்டிய வேலையாகிறது.

காலத்தை நாள் அளவிற் குறித்துக்கொள்ளாமலும் மாதிரி செய்ய இயலாது. பிரித்தானியருடன் சேர்ந்து கடமையாற்றிய ஓஷெவ்வின் கோபுரத்தில் 85 என்னும் எண்ணும் ‘ஏ’ என்னும் எழுத்தும் பெரிதாகத் தீட்டப்பட்டிருந்தன. இறுதிப் பயணத்திற்குப் புறப்பட்ட கப்பலைச் செய்ய விரும்புவோன் அவற்றை இடுதல் வேண்டும். தாலினை விட்டு ஓடிய கப்பலைச் செய்ய விரும்புவோன் அவற்றை நீக்கிவிடுவதோடு, முன்புறப் பீரங்கியையும் கவனித்தல் வேண்டும். அவ்விரவிற் பின்வாய்ப் பூட்டு எஸ்தோனியரிடம் இருந்தது. ஐம்பதில் ஒரு பங்கு அளவில் அவ்வெற்றிடம் நன்றாகத் தெரியும்.