தேயிலையும் தோலும்: நாகக் குறைபாட்டின் வரலாறு

தலவாக்கலையிலுள்ள சென்ற் கூம்ஸ் தோட்டம் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் இருப்பிடமாகும். 1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அந்நிலையம் ஆராய்ந்த பொருள்களுள் நாகக் குறைபாடும் ஒன்று. நாகமென்பது துத்தநாகமே. அது போதாத தேயிலைச் செடியின் இலை சிறுத்து ஒடுங்கும்; கணுவிடை குறுகும். மண்ணிலிட்ட நாகம் மண்ணோடு பிணிப்புண்டு வேருக்கு எட்டாது போதலின், நாகசல்பேற்றை நீரிற் கரைத்து இலைகளின்மீது தெளிக்கும் வழக்கம் தோட்டங்களில் ஏற்பட்டது.

பொருள் அருகிலிருந்தும் உட்கொள்ள இயலாத இந்நிலை மனிதருக்கும் உண்டு. 1936இல் சுவீடனைச் சேர்ந்த பிராண்ட் என்பவர் குழந்தைகளிடத்து ஒரு விந்தையான தோல்நோயைக் கண்டு எழுதினார். 1942இல் நோர்வே நாட்டு மருத்துவர் டான்போல்ற், குளொஸ் இருவரும் அதற்கு 'அக்குரோடேர்மற்றைற்றிசு என்றரோபதிக்கா' எனப் பெயரிட்டனர். வாயைச் சுற்றியும் கைகால்களிலும் புண் பரவும், மயிர் உதிரும், வயிற்றோட்டம் நீங்காது. தாய்ப்பால் அருந்துமளவும் நலமாயிருந்த குழந்தை, பால் மறந்தபின் நோயுற்று, பெரும்பாலும் மாண்டுபோகும். தாய்ப்பாலிலுள்ள நாகம் எளிதிற் குடலாற் கவரப்படுவதே இதற்குக் காரணமென்பது அன்று எவர்க்கும் புலப்படவில்லை. 1953இல் குடற்கிருமிகளுக்குரிய மருந்தொன்று இந்நோயைத் தணித்தது. கிருமி ஒழிந்தமையால் நோய் தணிந்ததென்றே கருதினர். உண்மையில் அம்மருந்து நாகம் உடலிற் சேர்வதற்குத் துணைசெய்தது! பிழையான விளக்கத்தோடு சரியான மருந்து இருபதாண்டு வழங்கிற்று.

1955இலேயே பன்றிகளின் தோல்நோயொன்று நாகத்தால் தீருமெனக் கண்டிருந்தனர். பீகாரிற் பிறந்த ஆனந்த பிரசாத், ஈரானின் சீராசு நகரில் வளர்ச்சி குன்றிய இளைஞரைக் கண்டு, 1961இல் அவர்தம் நோய்க்கு நாகக் குறைபாடு காரணமாகலாமென எழுதினார். எனினும், தோல்நோயுற்ற குழந்தைகளுக்கு நாகசல்பேற்றை அளித்து இலண்டன் மருத்துவர் மொய்னகன் குணங்கண்டது 1973, 1974ஆம் ஆண்டுகளிலேதான். செடிக்கும் விலங்குக்கும் கிட்டிய ஆராய்ச்சி மனிதக் குழந்தைக்குக் கடைசியாகவே கிட்டியது. குடலில் நாகத்தை ஏற்கும் புரதத்தை ஆக்கும் மரபணுவின் பழுதே இந்நோயின் மூலமென்பது 2002இல் தெளிவாயிற்று.

இப்பரம்பரை நோய் மிக அரிது. உணவால் நேரும் குறைபாடோ அரிதன்று. தானியங்களிலுள்ள பைற்றிக்கமிலம் நாகத்தைப் பிணித்துவிடும்; தீட்டிய கோதுமை மாவில் நாகம் மிகக் குறைவு; இறைச்சியும் மீனும் அருகிய உணவில் அதனை ஈடுசெய்ய வழியில்லை. லயங்களில் வாழ்ந்தோர் மாவையும் ரொட்டியையுமே பெரிதும் நம்பிய காலத்தை இவ்விடத்து எண்ணுதல் தகும். மொய்னகன் தம் முடிவை வெளியிட்ட அதே 1974இல், உணவுத் தட்டுப்பாட்டால் மலையகத் தோட்டங்களில் இறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தது. அவ்விறப்புகளில் நாகக்குறைவின் பங்கைத் தனியே பிரித்தல் இயலாது. பட்டினி ஒரு சத்தை மட்டும் பறிப்பதில்லை. குழந்தைகளின் வயிற்றோட்டத்துக்கு 10 முதல் 14 நாள்வரை நாகம் கொடுக்கவேண்டுமென உலக சுகாதார நிறுவனமும் யுனிசெபும் 2004இற் பரிந்துரைத்தன. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என்பதே 2004இல் அவை குறித்த அளவு. அம்மாத்திரைகள் பலவற்றில் அடங்கியிருப்பதும் தேயிலைமேல் தெளிக்கப்படும் அதே நாகசல்பேற்றுத்தான்.