நீரடிமுத்து எண்ணெயின் வரலாறும் கிழக்கிலங்கை மூலிகை ஆய்வும்

கல்லடியையும் புளியந்தீவையும் தழுவிக் கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்குள் மாந்தீவு என்றொரு சிறுதீவு உண்டு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்த இடம் அது. அக்காலத்தில், 1940கள் வரை, உலகெங்கும் தொழுநோய்க்கு முதன்மையான மருந்தாக இருந்தது நீரடிமுத்து (ஹைட்னோகார்பஸ்) இனத்து விதைகளில் பிழிந்த எண்ணெய். சித்த மருத்துவரும் அதை நெடுங்காலமாக அறிவர். அது வழக்கொழிந்ததற்கு வீரியமின்மை மட்டும் காரணமன்று. ஆய்வு முறையில் நேர்ந்த தவறுகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு என்பதே என் வாதம். அதே தவறுகள் இன்றைய மூலிகை எண்ணெய் ஆய்வுகளிலும் தொடர்கின்றன.

முதல் தவறு மரத்தை அடையாளம் காண்பதில். 1854இல் கல்கத்தாவில் மருத்துவர் மோவாட் இவ்வெண்ணெயை மேலை மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தார். விதை கைனோகார்டியா ஒடோரேட்டா என்னும் மரத்தினது என்றே எல்லோரும் நம்பினர். 1901இல்தான் தாவரவியலாளர் டேவிட் பிரெய்ன் உண்மையான மரம் வேறு என்று காட்டினார். சில ஆண்டுகளில் லண்டன் வெல்கம் ஆய்வகத்தில் பிரெடெரிக் பவர் குழுவினர் இவ்வினத்து எண்ணெய்களிலிருந்து சால்மூக்ரிக், ஹைட்னோகார்பிக் அமிலங்களைப் பிரித்தெடுத்தனர். கைனோகார்டியா எண்ணெயில் சால்மூக்ரிக் அமிலம் இல்லை என்பதும் தெளிவாயிற்று. அரை நூற்றாண்டு வீணாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரடிமுத்து ஒரு சிற்றினம். இலங்கைக்கே உரிய ஹைட்னோகார்பஸ் வெனனேட்டா இன்னொன்று. ஒன்றின் முடிவை மற்றதற்கு ஏற்றிச் சொல்ல முடியாது.

அடுத்தது மருந்தின் வடிவம். குடித்தால் குமட்டும், ஊசியில் ஏற்றினால் தடித்த எண்ணெய் தோலடியில் தங்கிக் கட்டியாகும். ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பின வேதியியலாளர் கொழுப்பமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றி, உடல் ஏற்கும் ஊசிமருந்தாக்கினார். 1916இன் கடைசி நாளில், 24 வயதில், அவர் இறந்துபோனார். அங்கிருந்த வேதியியலாளர் ஆர்தர் டீன் அவர் பெயரைச் சொல்லாமலே அம்முறையை வெளியிட்டார். 1922இல் அவருடன் பணியாற்றிய மருத்துவர் ஹோல்மன் எழுதிய பிறகே உரிமை யாருடையது என்பது பதிவாயிற்று. மூலிகை ஆய்வின் வரலாற்றில் இதைவிட வருத்தம் தரும் பக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, சான்று. தொழுநோய் தானாகவே தணிந்தும் சீறியும் வருவது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் நோயாளியின் முன்னேற்றத்தை எண்ணெயின் வெற்றி என்று கொள்ள இயலாது. கிருமியையோ ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியாது. 1960இல் ஆய்வாளர் ஷெப்பர்ட் அதனை எலியின் பாதத்தில் பெருகச் செய்தார்; அவ்வழியில் 1975இல் லெவி இவ்வமிலங்களுக்குக் கிருமியைத் தடுக்கும் திறன் உண்டு என்று காட்டினார். அதற்குள் டாப்சோன் என்ற மருந்து நிலைபெற்றுவிட்டது. இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையே தொழுநோயைக் குணமாக்குகிறது. எண்ணெய்க்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அதே தவறுகள் இன்றும் தொடர்வதைக் காண, நம் கரையோரத்துப் புன்னையைப் பார்ப்போம். பிஜியின் மக்கோகாய் தீவில் தொழுநோயாளரின் நரம்பு வலிக்கு 1930களில் புன்னை எண்ணெயைப் பயன்படுத்தினர். அதில் கலந்துள்ள பிசினில்தான் கலோபில்லோலைடு போன்ற சேர்மங்கள் உள்ளன. பிசினை நீக்கிச் சுத்திகரித்த எண்ணெயும் நீக்காததும் ஒரே மருந்தல்ல. ஆனால் இத்தகைய எண்ணெய்களை கிருமி பரப்பிய அகார் தட்டில் இட்டு, சுற்றிலும் தெளியும் வட்டத்தை அளந்து முடிவு கூறும் வழக்கம் பரவலாக உள்ளது. எண்ணெய் நீர்த்தன்மையுள்ள அகாரில் எளிதில் பரவாது. ஆகவே சிறிய வட்டம் வீரியக் குறைவைக் காட்டும் என்று சொல்ல முடியாது. பால்மமாக்கி நீர்க்கச் செய்து, எண்ணெயில்லாத பால்மத்தை ஒப்பீடாக வைத்துச் செய்யும் சோதனைதான் ஏற்கத்தக்கது.

கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கைதடியிலும் சித்த மருத்துவம் பயிலும் இளம் ஆய்வாளர்களை வேண்டுகிறேன்: விதை பொறுக்கிய மரத்தின் கிளையொன்றை உலர்த்திப் பேராதனைத் தேசியத் தாவரச் சேகரத்தில் ஒப்படையுங்கள், எண்ணெயின் கொழுப்பமில, பிசின் அளவுகளை வெளியிடுங்கள், பிழியும் முறை சொல்லிக்கொடுத்த வைத்தியரின் பெயரை, அவர் இசைவுடன், கட்டுரையின் தலைப்பின் கீழேயே எழுதுங்கள்.