மார்பிள்ஹெட் மண்ணும் அலைபாயும் மனமும்

1904ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில், பாஸ்டனுக்குச் சற்று வடக்கே உள்ள மார்பிள்ஹெட் என்ற சிற்றூரில் ஹெர்பர்ட் ஹால் என்ற மருத்துவர் ஒரு பட்டறை திறந்தார். தறி, குயவர் சக்கரம், மரம் செதுக்கும் உளி, தகடு தட்டும் சுத்தியல்: இவைதான் அவர் கொடுத்த மருந்து. நரம்புத் தளர்ச்சி என்று வந்தவர்களை அங்கே உட்கார வைத்தார். கைவேலை சொல்லிக்கொடுக்க ஜெஸ்ஸி லூதர் என்ற பெண் கலைஞர் வந்தார்.

அந்தக் காலத்து வைத்தியம் இதற்கு நேர் எதிர். பிலடெல்பியா மருத்துவர் சைலஸ் வெயர் மிட்செல் புகழ்பெறச் செய்த ‘ஓய்வு வைத்தியம்’ நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தியது. நிறையப் பால், உடம்புபிடித்தல், படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. அதில் சிக்கித் தவித்த எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன், 1892இல் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ என்ற கதையாகவே அதை எழுதிவிட்டார். சும்மா கிடக்கும் மனம் தன் கவலையையே அசைபோடும் என்பது ஹாலின் கட்சி. 1906இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அவருடைய ஆய்வுக்கு 1,000 டாலர் ஒதுக்கியது.

ஹாலிடம் வந்தவர்களுக்கு ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு இருந்தது என்று இன்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பெயரே அப்போது இல்லை. ஆனால் ஓரிடத்தில் நிற்காத கவனத்தை மருத்துவர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். எடின்பரோவில் பிறந்த அலெக்சாண்டர் கிரைட்டன் 1798இல் வெளியிட்ட நூலில் அதற்கென ஓர் அத்தியாயமே உண்டு. அறையில் யாரோ நடப்பது, மேசை நகர்வது, கதவு படாரென்று சாத்துவது, சற்றே கூடுதலான வெளிச்சம் என எல்லாமே சிலருடைய கவனத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகின்றன என்று அவர் குறித்துவைத்தார்.

மார்பிள்ஹெட்டில் அடுத்து நடந்ததுதான் சுவையானது. 1905இல் மண்பாண்டப் பிரிவுக்கு ஆர்தர் பேக்ஸ் என்ற இளம் மாணவர் வந்துசேர்ந்தார். கைதேர்ந்த இளைஞர். பளபளப்பில்லாத மெருகும் அடங்கிய நிறங்களும் கொண்ட அவருடைய ஜாடிகளுக்குக் கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறியதும் வேகமும் தரமும் வேண்டியிருந்தன. மனம் தளர்ந்து வந்த நோயாளியால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சில ஆண்டுகளிலேயே மண்பாண்டச் சாலை சிகிச்சையிலிருந்து பிரிந்து தனி வியாபாரமானது. பின்னர் பேக்ஸே அதை விலைக்கு வாங்கி, 1936இல் மூடப்படும்வரை நடத்தினார். ஹால் தம் நோயாளிகளுடன் கைவேலை வைத்தியத்தைத் தொடர்ந்தார்.

அதே காலத்தில் வேறு இடங்களிலும் இந்த எண்ணம் துளிர்த்தது. பாஸ்டனில் செவிலியர் சூசன் டிரேசி, படுக்கையில் இருப்பவர்கள் செய்யக்கூடிய கைவேலைகளைத் தொகுத்து 1910இல் புத்தகமாக்கினார். கட்டடக் கலைஞர் ஜார்ஜ் பார்ட்டன் காசநோயால் அவதிப்பட்டவர். இடப்பக்கம் வேறு செயலிழந்தது. தச்சு வேலையும் தோட்ட வேலையும் செய்து தன்னைத் தேற்றிக்கொண்டவர், நியூயார்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் தம் வீட்டையே சிகிச்சைக்கூடமாக்கினார். 1917 மார்ச்சில் அந்த வீட்டில் கூடிய ஆறு பேர் தொடங்கிய சங்கத்திலிருந்துதான் அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி (செயல்வழிச் சிகிச்சை) தனித் துறையாக வளர்ந்தது. முதல் உலகப்போரில் காயம்பட்ட வீரர்களின் கைகளில் கூடையும் தறியும் ஏறின.

கவனச் சிதறலுக்கான மருத்துவம் தனிப் பாதையில் போனது. 1937இல் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி 30 குழந்தைகளுக்குப் பென்செட்ரின் என்ற ஊக்கமருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சுமார் பாதிப்பேர் பள்ளிப்பாடத்தில் தெளிவாக முன்னேறினார்கள். பெரியவர்கள் கணக்கில் வரவே வெகுகாலம் ஆயிற்று. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 1980ஆம் ஆண்டுக் கையேடு, சிறுவயதுக் கோளாறு வளர்ந்த பிறகும் எஞ்சலாம் என்று ஒப்புக்கொண்டது. 2013ஆம் ஆண்டுப் பதிப்புதான் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து அறிகுறிகளே போதும் என்று தளர்த்தியது. குழந்தைகளுக்கு ஆறு வேண்டும்.

இன்று நோயறியப்பட்ட பெரியவர்கள் பலர், மருந்தோடும் ஆலோசனையோடும், பின்னல், தோட்டம், பாறை ஏறுதல், மண்பாண்டம் என்று எதையாவது பற்றிக்கொள்கிறார்கள். இவை நோயைப் போக்கிவிடாது. ஆனால் கைக்கு ஓயாத வேலை இருக்கிறது. செய்தது சரியா தவறா என்று உடனே தெரிந்துவிடுகிறது. களிமண் கோணினால் அந்த நொடியே விரல் சொல்லிவிடும். பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஜாக்கி ஆண்ட்ராட் 2009இல் வெளியிட்ட சோதனையில், சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தியைக் கேட்டபடி காகிதத்தில் வடிவங்களுக்கு நிழலிட்டவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். கலந்துகொண்ட 40 பேரும் பொதுமக்கள்தான், ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் அல்லர். இருந்தாலும் கை அசைவது கவனத்துக்குப் பகை என்ற பழைய பள்ளிக்கூட நம்பிக்கையை அது அசைத்துப் பார்த்தது.

மார்பிள்ஹெட்டில் வந்த சிக்கல் இப்போதும் வேறு வேடத்தில் வருகிறது. ஒரு சால்வை நன்றாக அமைந்துவிட்டால் போதும், ‘இன்ஸ்டாகிராமில் போட்டு விற்கலாமே’ என்று சுற்றியிருப்பவர்கள் தொடங்கிவிடுவார்கள். ஆர்டர், கெடு, வரவுசெலவு எல்லாம் பின்னாலேயே வரும். ஏ.டி.எச்.டி. உள்ளவர் அலுவலகத்தில் நாள் முழுக்க மல்லுக்கட்டுவதும் அந்தக் கெடுவோடும் கணக்கோடும்தான்.