செக் மக்களும் அவர்களுடைய படையும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பள்ளிக்கூடம் போனவர்களுள் பாட்டா சப்பாத்து அணியாதவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். அந்த நிறுவனம் 1894ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஊர், செக் நாட்டின் மொராவியாப் பகுதியிலுள்ள ஸ்லின். இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அது இப்பக்கம் வந்துவிட்டது. அதே நாட்டிலிருந்து இங்கு வந்த இன்னொரு பொருளையும் மூத்த நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அது பிரென் துப்பாக்கி. பிரிட்டிஷாரும் இந்தியச் சிப்பாய்களும் மலாயாப் போரில் தூக்கித் திரிந்த இலகுவான இயந்திரத் துப்பாக்கி அது. அதன் பெயரின் முற்பாதி பிர்னோ என்ற செக் நகரத்தைக் குறிக்கும். பிற்பாதி என்பீல்டு என்ற ஆங்கில ஊரைக் குறிக்கும்.

இப்படி உலகத்துக்கே துப்பாக்கி செய்து கொடுத்த மக்கள், தங்கள் சொந்த மண்ணுக்குள் அந்நியப் படை நுழைந்தபோது சுடவில்லை. 1939ஆம் ஆண்டில் சுடவில்லை; 1968ஆம் ஆண்டிலும் சுடவில்லை. அது கோழைத்தனமா, விவேகமா? இந்தக் கேள்வியை அந்நாட்டார் இன்றும் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். கோழைகள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதைக் காட்ட, முதல் உலகப் போரிலிருந்து தொடங்க வேண்டும்.

1914ஆம் ஆண்டில் செக் மக்களுக்கென்று தனி நாடு இல்லை. அவர்கள் வியன்னாவிலிருந்து ஆண்ட ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசரின் குடிகள். அந்தப் படையில் பல மொழி பேசுவோர் இருந்ததால், எல்லாச் சிப்பாய்களும் சுமார் எண்பது ஜெர்மன் கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்தாக வேண்டும். ‘நில்’, ‘நட’, ‘சுடு’ என்பவற்றை அந்நிய மொழியில் கேட்டு, தங்களைப் போன்ற சிலாவிய இனத்தாரான ரஷ்யரையும் செர்பியரையும் எதிர்த்துப் போரிடவேண்டிய நிலை. 1915ஆம் ஆண்டு ஏப்ரலில் பிராகு நகரத்தின் 28ஆம் காலாட்படைப் பிரிவில் பெரும் பகுதியினர் கார்ப்பாத்திய மலையில் ரஷ்யரிடம் சிறைப்பட்டனர். துரோகம் என்று கூறிப் பேரரசர் அந்தப் பிரிவையே கலைத்தார். வேண்டுமென்றே சரணடைந்தார்களா, பனியிலும் பசியிலும் கைவிடப்பட்டு அகப்பட்டார்களா என்பது வேறு விஷயம். பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் இரண்டாவதையே அதிகம் நம்புகிறார்கள். ஆனால் வியன்னாவுக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டது. செக் தேசியவாதிகளுக்கு ஒரு வீரக்கதை தேவைப்பட்டது. ஒரே நிகழ்ச்சி இரண்டு பேருக்கும் பயன்பட்டது.

போர்க் கைதிகளாக ரஷ்யாவில் இருந்த செக், சுலோவாக் வீரர்களைக் கொண்டு ஒரு தன்னார்வப் படை உருவாயிற்று. பேராசிரியர் தோமாஷ் மசாரிக் வெளிநாடுகளில் சுற்றி அதற்கு ஆதரவு தேடினார். பிரான்சிலும் இத்தாலியிலும் இத்தகைய படைகள் எழுந்தன. அவற்றை ‘லீஜியன்’ என்பார்கள். ஆஸ்திரியரிடம் பிடிபட்டால் அவர்களுக்குத் தூக்குக் கயிறுதான். 1917ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் ஸ்போரோவ் என்ற இடத்தில் சுமார் 3,500 பேர் கொண்ட அவர்களுடைய படை முதன்முறையாகத் தனித்து நின்று வென்றது.

அதன் பிறகுதான் வேடிக்கையான, ஆனால் கொடிய பயணம் ஆரம்பமாகிறது. ரஷ்யாவில் புரட்சி வெடித்தது. போல்ஷ்விக்குகள் ஜெர்மனியுடன் சமாதானம் செய்துகொண்டார்கள். மேற்கே போக வழியில்லை. ஆகவே கிழக்கே சைபீரியா முழுவதையும் இரயிலில் கடந்து, பசிபிக் கடலோரத்து விளாடிவாஸ்டோக்கில் கப்பலேறிப் பிரான்சுக்குப் போவதென்று முடிவாயிற்று. 1918ஆம் ஆண்டு மே மாதம் போல்ஷ்விக்குகளுடன் சண்டை மூண்டது. சில மாதங்களில் அந்த நெடும் இரயில் பாதை முழுவதும் இவர்கள் கைக்கு வந்தது. சரக்கு வண்டிகளே அவர்களுக்கு வீடு. அவற்றிலேயே ரொட்டி அடுப்பும் அச்சுக்கூடமும் வைத்துக்கொண்டார்கள். தினசரி ஒன்றும் நடத்தினார்கள். சொந்த நாடே இல்லாத ஒரு படை, பத்தாயிரக்கணக்கான ஆட்களுடன், அயல்நாட்டு இரயில் பாதையில் ஒரு நடமாடும் அரசாங்கத்தை நடத்திற்று என்று சொல்லலாம். அவர்களுடைய புகழில் ஒரு கறையும் உண்டு. 1920ஆம் ஆண்டு ஜனவரியில், தங்கள் வழியைத் திறந்து கொள்வதற்காக, தங்கள் பாதுகாப்பில் இருந்த வெள்ளைப் படைத் தலைவர் கோல்ச்சாக்கை இர்குட்ஸ்க் நகரில் எதிரணியிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த மாதம் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1918ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாளே செக்கோஸ்லவாக்கியா சுதந்திர நாடாகிவிட்டது. லீஜியன் வீரர்களில் பலர் அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் கழித்தே ஊர் திரும்பினார்கள். அவர்களை ஏற்றிவந்த கப்பல்களுள் சில சிங்கப்பூர் வழியாகத்தான் சென்றன. சைபீரியப் பனியிலிருந்து புறப்பட்டு நம் ஊர் வெயிலைக் கண்ட அந்த இளைஞர்கள் என்ன நினைத்தார்களோ!

திரும்பியவர்களுக்குப் புதிய குடியரசில் நல்ல மதிப்பு. அரசாங்க வேலையில் முன்னுரிமை, நிலப் பங்கீட்டில் முன்னுரிமை. ஆனால், நேயர்களே, லீஜியனில் சேர்ந்தவர்களைவிடப் பேரரசரின் படையிலேயே கடைசிவரை இருந்து மடிந்த செக் இளைஞர்களே மிக அதிகம். அவர்கள் யாருக்காகச் செத்தார்கள் என்று சொல்வது? ஊர்தோறும் கல்லில் பெயர் பொறித்தார்கள். தேசிய விழாக்களில் மட்டும் அந்தப் பெயர்கள் அதிகமாகக் கேட்கவில்லை. அந்த மௌனத்தைத் தன் சிரிப்பால் உடைத்தவர் யாரோஸ்லாவ் ஹாஷேக். ஆஸ்திரியப் படையிலிருந்து ரஷ்யரிடம் அகப்பட்டு, லீஜியனில் சேர்ந்து, பிறகு அதைவிட்டுச் செம்படைக்கும் போய்வந்தவர் அவர். அவர் எழுதிய ‘நல்ல வீரன் ஷ்வேக்’ என்ற நாவலின் நாயகன் எந்தக் கட்டளையையும் மறுப்பதில்லை. புன்னகையோடு கீழ்ப்படிந்து, கீழ்ப்படிந்தே மேலதிகாரியைப் பைத்தியமாக்கிவிடுவான். 1923ஆம் ஆண்டில் ஹாஷேக் இறந்தபோது நூல் முடிவுபெறவில்லை. செக்கோஸ்லவாக்கியப் படை, தன் வீரர்கள் அந்நூலைப் படிக்கக்கூடாதென்று தடையும் விதித்தது. ஒரு பக்கம் ஸ்போரோவ் வீரன், மறு பக்கம் ஷ்வேக். இருவரில் எவன் செக் மக்களின் உண்மையான உருவம் என்று கேட்டால், இருவரும்தான் என்பேன்.

இனி 1938ஆம் ஆண்டுக்கு வருவோம். எல்லையோர மலைப் பகுதிகளில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன் மொழியினர் வாழ்ந்தார்கள். அவர்களைக் காரணம் காட்டி ஹிட்லர் அப்பகுதிகளைக் கேட்டான். செக்குகள் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 1935ஆம் ஆண்டு முதலே எல்லை நெடுக அரண் கட்டி வந்தார்கள். பெரிய காங்கிரீட் கோட்டைகள் இருநூறுக்கு மேல். ஏழு பேர் நின்று சுடக்கூடிய சிறிய காவல் அரண்கள் ஏறத்தாழப் பத்தாயிரம். செப்டம்பர் 23ஆம் நாள் இரவு பத்தரை மணியளவில் பிராகு வானொலி, செக், சுலோவாக், ஜெர்மன் முதலிய பல மொழிகளில், படைதிரட்டும் அறிவிப்பை வெளியிட்டது. எழுத்துமூலம் அழைப்பு வரட்டும் என்று பலர் காத்திருக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு அந்த இரவிலேயே இரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். சில நாட்களில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆயுதம் தாங்கி நின்றார்கள்.

ஒரு வாரந்தான். செப்டம்பர் 29ஆம் நாள் மியூனிக் நகரில் ஹிட்லர், முசோலினி, பிரிட்டனின் சேம்பர்லின், பிரான்சின் தலாதியே ஆகிய நால்வரும் கூடி, எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்குக் கொடுத்துவிட்டார்கள். செக் பிரதிநிதிகள் இருவர் அந்த ஊரிலேயே ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். முடிவானபின் தாளை அவர்களிடம் கொடுத்தார்கள். துணை நிற்போம் என்று உடன்படிக்கை செய்திருந்த பிரான்சே கையெழுத்திட்டவர்களில் ஒன்று.

படைத் தளபதிகள் அதிபர் பெனெஷிடம் போய், சண்டையிடுவோம் என்று மன்றாடினார்கள். அவர் இணங்கவில்லை. தனியாகப் போரிட்டால் நாடே கசாப்புக் கடையாகும் என்று கணக்கிட்டார். பெரும் போர் எப்படியும் வரும், அப்போது நம் பக்கத்தில் துணை இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. ஆஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிவிட்டதால் தெற்கு எல்லை ஏறக்குறையத் திறந்து கிடந்தது என்பதும் உண்மை. கட்டிய கோட்டைகளை ஒரு குண்டுகூடச் சுடாமல் ஒப்படைத்துவிட்டு வீரர்கள் அழுதுகொண்டே இறங்கினார்கள். செக் பகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நிலம் போயிற்று. அரண் இல்லாத மிச்ச நாட்டை 1939ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஹிட்லர் எளிதாக எடுத்துக்கொண்டான்.

முதல்நாள் மாலையிலேயே ஜெர்மன் படையொன்று மிஸ்டெக் என்ற ஊருக்குள் நுழைந்துவிட்டது. அங்கே ‘சாயானெக்’ படைவீட்டில் இருந்த கேப்டன் கரேல் பாவ்லிக் சரணடைய மறுத்துத் தன் ஆட்களைச் சுடச் சொன்னார். மேலிடத்திலிருந்து நிறுத்துமாறு கட்டளை வரும்வரை அந்தச் சண்டை நடந்தது. அவ்வளவுதான், ஒரு படைவீடு, ஒரு மாலைப் பொழுது. பாவ்லிக் பிறகு இரகசிய எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டு, 1943ஆம் ஆண்டில் மவுட்ஹவுசன் சிறை முகாமில் உயிர்விட்டார்.

சுடாததற்கும் ஒரு விலை இருந்தது. செக் தொழிற்சாலைகளும் பீரங்கிகளும் நானூறுக்கு மேற்பட்ட டாங்கிகளும் ஹிட்லரின் கைக்குப் போயின. 1940ஆம் ஆண்டில் ரொம்மெலின் படை பிரான்சுக்குள் பாய்ந்தபோது, அதில் செக் நாட்டு டாங்கிகள் ஓடின. மியூனிக்கில் கையெழுத்திட்ட பிரான்சுக்கு அது வந்து சேர்ந்த வட்டி. 1942ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்திலிருந்து பாராசூட்டில் இறக்கப்பட்ட கப்சிக், குபிஷ் என்ற இரு வீரர்கள் நாஜி அதிகாரி ஹைட்ரிக்கைத் தாக்கினார்கள். அவன் ஜூன் 4ஆம் நாள் செத்தான். அதற்குப் பழியாக லிடிட்சே என்ற சிற்றூர் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கேயே 173 ஆண்கள் சுடப்பட்டார்கள். செக் பகுதி யூதர்களில் ஏறத்தாழ 80,000 பேர் போர் முடிவதற்குள் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் வார்சா நகரம் சாம்பலானது போல் பிராகு ஆகவில்லை. பெனெஷின் கணக்கு சரியா, தவறா? சுட்டிருந்தால் தோற்றிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் போர்க்களத்தில் தோற்பதும், போருக்கு ஆயத்தமாக நின்றபின் வீட்டுக்குப் போ என்று கேட்பதும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு ஒரு தலைமுறையின் மனத்தில் தங்கிவிட்டது.

நாட்டைவிட்டுத் தப்பியவர்கள் போரிட்டார்கள். பிரிட்டிஷ் விமானப் படையில் சுமார் 2,500 செக்கோஸ்லவாக்கியர் பணிபுரிந்தார்கள். சுமார் 500 பேர் திரும்பவில்லை. சோவியத் மண்ணிலிருந்தும் ஒரு படை போரிட்டு வந்தது. 1945ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பிராகு மக்களே எழுந்தார்கள். சண்டை தொடங்கிய இடம் வானொலி நிலையம். கட்டடத்துக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்க, அறிவிப்பாளர்கள் மக்களை உதவிக்கு அழைத்தார்கள். வானொலி வழியாகப் பேசிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவனுக்கு அந்தக் காட்சியை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

வெற்றிக்குப்பின் நடந்தவை எல்லாம் வெற்றிக்கு அழகு சேர்க்கவில்லை. ஏறத்தாழ முப்பது இலட்சம் ஜெர்மன் மொழியினர் வெளியேற்றப்பட்டார்கள். முதல் மாதங்களில் செக் படையினரும் ஆயுதந்தாங்கிய கும்பல்களும் அவர்களில் குற்றமற்ற பலரையும் கொன்றார்கள். 1948ஆம் ஆண்டு பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். மேற்கு நாடுகளில் போரிட்டது அதன்பின் குற்றமாயிற்று. பிரிட்டனில் செக் விமானப் படையினருக்குத் தலைமை தாங்கிய யானோஷெக் சிறைக்குப் போனார். 1960ஆம் ஆண்டில்தான் வெளியே வந்தார். போர்க்காலத்தில் மாஸ்கோவில் தூதுப் பணியாற்றிய ஜெனரல் பீகா, பொய்க் குற்றச்சாட்டின்பேரில் 1949ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். ஆட்சியின் நம்பிக்கையைப் பெறாத இளைஞர்களுக்குத் துப்பாக்கிக்குப் பதில் மண்வெட்டியைக் கொடுத்து, சுரங்கத்திலும் கட்டுமான வேலையிலும் சேவகம் செய்ய வைத்தார்கள்.

இத்தனையையும் கண்ட ஒரு மனிதர் லுத்விக் ஸ்வோபோதா. ஸ்போரோவில் போரிட்டவர், சோவியத் மண்ணிலிருந்து வந்த படைக்குத் தலைமை தாங்கியவர், தற்காப்பு அமைச்சராக இருந்து 1950ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, ஊரில் கூட்டுப் பண்ணைக்குக் கணக்கு எழுதியவர். 1968ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் நாட்டின் அதிபரானார். அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் நள்ளிரவையொட்டிச் சோவியத் படைகளும் அதன் கூட்டாளிகளும் நுழைந்தபோது, படைத் தலைவர் என்ற பொறுப்பு அவருடையது. படைவீட்டிலேயே இருங்கள் என்பதுதான் இம்முறையும் கட்டளை. படை நின்றது, மக்கள் நிற்கவில்லை. தெருப் பெயர்ப் பலகைகளையும் ஊர்ப் பலகைகளையும் இரவோடிரவாகக் கழற்றினார்கள். வழி தெரியாமல் டாங்கிகள் திண்டாடின. வானொலி நிலையத்துக்கு முன்னால் பேருந்துகளையும் லாரிகளையும் குறுக்கே நிறுத்தி, வெறுங்கையுடன் டாங்கிகளை மறித்தார்கள். 1945ஆம் ஆண்டில் சண்டை நடந்த அதே கட்டடம். அவ்வாண்டு முடிவதற்குள் 137 பேர் அந்தப் படைகளால் உயிரிழந்தார்கள். ஷ்வேக் அன்று தெருவில் இருந்தான் என்று சொன்னால் தவறில்லை. ஆனால் செத்தவர்களை நினைத்தால் அந்தச் சிரிப்பு வாயிலேயே நின்றுவிடுகிறது.

சோவியத் வீரர்கள் 1991ஆம் ஆண்டு ஜூனில் வெளியேறினார்கள். 1993ஆம் ஆண்டில் செக்குகளும் சுலோவாக்குகளும் சண்டையின்றிப் பிரிந்தபோது, படையின் தளவாடங்களையும் பெரும்பாலும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பங்கிட்டுக்கொண்டார்கள். 1999ஆம் ஆண்டு மார்ச்சில் செக் நாடு நேட்டோவில் சேர்ந்தது. துணையில்லாமல் நின்ற 1938ஆம் ஆண்டைப் பலர் அப்போது நினைவுகூர்ந்தார்கள். 2004ஆம் ஆண்டின் இறுதியோடு கட்டாய இராணுவ சேவையும் முடிந்தது.

அந்தச் சிறு காவல் அரண்கள் ஆயிரக்கணக்கில் இன்றும் காட்டோரங்களிலும் உருளைக்கிழங்கு வயல்களின் நடுவிலும் நிற்கின்றன. சிலவற்றின் சுவரில் பெரிய பள்ளங்கள் உண்டு; அவை ஜெர்மானியர் பின்னர் தங்கள் பீரங்கிகளைச் சோதித்துப் பார்த்ததால் ஏற்பட்டவை. ஆர்வலர்கள் சிலர் அவற்றை விலைக்கு வாங்கி, சுண்ணாம்பு பூசி, 1938ஆம் ஆண்டுச் சீருடை அணிந்து, ஓய்வு நாட்களில் வருவோருக்குத் திறந்து காட்டுகிறார்கள். உள்ளே துப்பாக்கி வைக்கும் துவாரம் பெரும்பாலும் எல்லையை நேராகப் பார்க்காது. பக்கவாட்டில் அடுத்த அரணுக்கு முன்னுள்ள வெளியைப் பார்க்கும். ஒவ்வொரு அரணும் தன் அண்டை அரணைக் காக்கும்படி அவற்றைக் கட்டியிருந்தார்கள்.