நந்தா விளக்கும் கூசும் கண்ணும்

இன்றைய திருப்பதி மாவட்டத்துத் திருச்சானூர், காளத்தி கோயில்களின் தமிழ்க் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக் கொடைகள் உண்டு. 'நந்தா' என்றால் அணையாத. தொண்டை மண்டலத்தில் ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 ஆடுகள். சோழ நாட்டில் 96. இவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. இறந்தவற்றுக்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் காப்பதும், விளக்குக்கு நெய் அளப்பதும் ஆடுகளை ஏற்ற இடையரின் கடமை. ஒளி அரிதாயிருந்த காலத்தில் விளக்கு அணையாதிருக்கவே விதி வேண்டியிருந்தது. ஒளி எங்கே நிற்க வேண்டும் என்று எழுத வேண்டிய தேவை எழவில்லை.

இன்று தேவை தலைகீழாகிவிட்டது. சித்தூரிலோ திருப்பதியிலோ எதிர்மாடியின் மின்விளக்கு படுக்கையறைக்குள் பாய்ந்தால் எந்த விதியைக் காட்டி முறையிடுவது? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என வரம்பிட்டன. வெளிச்சத்துக்கு அத்தகைய நாடு தழுவிய விதி இல்லை. 2022இல் லடாக்கின் ஹான்லே இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது; அங்கே இருள் காக்கப்படுவது தொலைநோக்கிகளுக்காக, உறங்குவோருக்காக அன்று.

நம் வழக்கும் கவனிக்கத்தக்கது. ஒலியைக் குறைகூற 'இரைச்சல்' என்ற சொல் உண்டு. ஒளி மிகுந்தால் 'கண் கூசுகிறது' என்கிறோம். எழுவாய் கண்தான், விளக்கன்று. சட்டமும் அவ்வாறே திரைச்சீலை போடும் பொறுப்பைக் கண்ணுடையவரிடம் விட்டுவிட்டது. கல்வெட்டு, விளக்குக்குப் பொறுப்பானவர் யார் என்று தெளிவாகச் சொன்னது. நகராட்சி விதியும் விளக்கை ஏற்றுபவரையே பொறுப்பாக்க வேண்டும்: மறைப்பு, சாய்வு, அணைக்கும் நேரம் ஆகிய மூன்றையும் வரையறுத்து.