குரங்கணி ஏற்றம்: மூட்டை போன வழி

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கிண்டி, அடையாறு பக்கம் போனால் இவர்களைப் பார்க்கலாம். தலைக்கு மேல் எழும்பும் பை, புது ஷூ, கையில் சுருட்டிய பாய். பஸ்ஸுக்கோ வேனுக்கோ காத்திருப்பார்கள். புதுசா ஆரம்பிப்பவர்கள் தடா, நாகலாபுரம் என்று ஆந்திர எல்லையில் இருக்கும் அருவிகளுக்குப் போவார்கள். கொஞ்சம் பழகினவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலை. ஞாயிறு ராத்திரி கிளம்பி, திங்கள் காலையில் நேராக ஆபீஸ். நானும் சில வருஷம் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான்.

அவர்கள் நிற்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கிண்டி பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதன் தொடக்கம் 1794-இல் மைக்கேல் டாப்பிங் ஆரம்பித்த சர்வே பள்ளி. கிண்டிக்கு வந்ததெல்லாம் ரொம்பப் பின்னாடி, 1920-இல். முதல் மாணவர்கள் அநாதை விடுதியிலிருந்து எடுத்த எட்டுப் பையன்கள். சென்னையிலிருந்து மலை ஏறப் போன கூட்டத்தின் வரலாற்றை எழுதினால் நான் இந்தப் பள்ளியின் பையன்களிடமிருந்துதான் ஆரம்பிப்பேன். ஆனால் அவர்கள் ஆசைப்பட்டு ஏறவில்லை. சங்கிலியும் வரைபலகையும் கொடுத்து அனுப்பப்பட்டார்கள், காட்டுக் காய்ச்சலோடு திரும்பினார்கள். சிலர் திரும்பவேயில்லை.

இன்னும் கொஞ்சம் தெற்கே பரங்கிமலை. 1802-இல் லாம்டன் அங்கேதான் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்து, பின்னாளில் இமயம் வரை போன முக்கோண அளவையைத் தொடங்கினார். அவருடைய பெரிய தியோடலைட்டின் எடை ஏறக்குறைய அரை டன். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அந்தக் கருவி அடிபட்டதும், லாம்டனே உட்கார்ந்து அதைச் சரி பண்ணியதும் எல்லா நூலிலும் வரும். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் யார் என்று நான் பார்த்த எதிலும் இல்லை. இது எனக்கு ரொம்ப நாளாக உறுத்தும் விஷயம். ஏறினவர் பெயர் இருக்கும், சுமந்தவர் பெயர் இருக்காது.

நான் குரங்கணி போனது 2013 டிசம்பரில். ஆபீஸ் நண்பர்கள் ஏழு பேர். போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி, அங்கிருந்து கால்நடையாக டாப் ஸ்டேஷன். மழை விட்டு சில நாள்தான் ஆகியிருந்தது. வைகைக்குப் போகும் கொட்டகுடி ஆறு சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிர் மலையில் வெள்ளை நூல் தொங்கவிட்ட மாதிரி ஒரு அருவி. முதல் ஒரு மணி நேரம் மா, இலவம் தோப்புகள் வழியாக சுகமான நடை. அப்புறம் பாதை நிமிர்ந்துகொள்கிறது. ஈரக்கல், அட்டை, வளைவுக்கு மேல் வளைவு. டாப் ஸ்டேஷன் சுமார் 1,700 மீட்டர் உயரம். சென்னையில் கடல் மட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கால்களுக்கு அது லேசான காரியமில்லை.

வழிகாட்டியாக வந்தவர் குரங்கணிக்காரர், அறுபதைத் தொடும் வயசு, காலில் ரப்பர் செருப்பு. பாதி ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. "பையக் குடுங்க தம்பி" என்று வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். கொடுத்துவிட்டேன். கடைசி வரை அவர்தான் தூக்கி வந்தார். அப்போது எனக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வழியில் ஒரு சின்னக் குடியிருப்பு வந்தது. ஊர் பேர் என்னண்ணே என்றால், "சென்ட்ரல் ஸ்டேஷன்" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். நமக்கு சென்ட்ரல் என்றால் மூர் மார்க்கெட் பக்கத்துச் சிவப்புக் கட்டடம். இங்கே தண்டவாளம் இல்லை, ரோடுகூட இல்லை. "ஏண்ணே இந்தப் பேரு?" என்று கேட்டதற்கு, "வெள்ளக்காரன் காலத்துல கயித்துல பெட்டி போகும் தம்பி. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல இது" என்றார். சென்னை வந்ததும் நான் தேட ஆரம்பித்தது இந்த ஒரு வாக்கியத்தினால்தான்.

கிடைத்த கதை இது. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சார் அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். முதலில் சின்கோனா, காப்பி என்று பலதையும் முயன்று பார்த்துவிட்டுத் தேயிலையில் வந்து நின்றார்கள். 1897-இல் கண்ணன் தேவன் கம்பெனி. மலை திருவிதாங்கூருக்குச் சொந்தம், ஆனால் அதன் வாசல் மதுரைப் பக்கம். அரிசியும் ஆளும் போடியிலிருந்து மேலே போக வேண்டும், தேயிலைப் பெட்டி போடிக்குக் கீழே இறங்க வேண்டும். அதற்கான வழிகளில் முக்கியமானது இந்தக் கொட்டகுடி ஏற்றம்தான்.

1902-இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாள வண்டி போட்டார்கள். ஒரு சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், பெரிய சக்கரம் சமநிலைக்காகத் தரையில் உருளும், இழுப்பது மாடு. பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடியதும் இதே ஈவிங் முறைதான். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறுகிய ரயில்பாதை வந்தது. டாப் ஸ்டேஷனோடு ரயில் நின்றுவிடும். அதற்குக் கீழே செங்குத்து. அங்கிருந்து கொட்டகுடிக்கு சுமார் ஐந்து கிலோமீட்டர் கம்பிவடம். அதன் கீழ் முனைதான் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போடி, அப்புறம் ரயில், கப்பல், இங்கிலாந்து. நாம் பாறையில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கும் இடத்துக்கு மேலே தேயிலைப் பெட்டிகள் ஆடிக்கொண்டு போயிருக்கின்றன.

பெட்டி கயிற்றில் போனது. ஆள் போனது இந்தப் பாதையில்தான். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்த குடும்பங்கள், குழந்தையையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு இப்படி ஏறித்தான் தோட்டங்களுக்குப் போயின. வால்பாறைப் பக்கத்து இதே வாழ்க்கையை பி.எச். டேனியல் 'ரெட் டீ' நாவலில் எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார், பாலாவின் 'பரதேசி'க்கு அதுதான் மூலம். இந்தக் கொட்டகுடி வழிக்கு அப்படி ஒரு நாவல் என் கண்ணில் படவில்லை. யாராவது எழுதினால் நல்லது.

கங்காணிக்கும் முன்னாடியே இந்த மலைகளில் நடந்தவர்கள் முதுவர்கள். மதுரையை விட்டு வந்தபோது தெய்வத்தை முதுகில் சுமந்து வந்ததால்தான் அந்தப் பெயர் என்பது அவர்கள் சொல்லும் கதை. சொல்லாராய்ச்சிக்கு அது நிற்குமா என்பது வேறு விஷயம். ஒரு சமூகம் தன் பெயரையே சுமையிலிருந்து சொல்கிறது பாருங்கள், எனக்கு அது போதும்.

1924 ஜூலை வெள்ளம், மலையாளக் கணக்கில் 1099 என்பதால் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள், குண்டளை ரயிலை அடித்துக்கொண்டு போனது. அந்த ரயில் திரும்ப ஓடவில்லை. பிறகு மலைக்கு நல்ல சாலைகள் வந்ததும் கம்பிவடமும் வேண்டாததாகிவிட்டது. போடிக்கு ரயில் வந்ததே 1928-இல்தான். தேயிலை ரயில் போய் நாலு வருஷம் கழித்து! மிச்சமிருப்பது பெயர்கள் மட்டும்: டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் குதிரை முதுகில்தான் சாமான் போகிறது. பாதை மறுபடியும் ஊர்க்காரர்களுடையதாகி, ரொம்ப நாள் அப்படியே இருந்தது. பின்னே 2000-க்கு அப்புறம் இணையத்தில் சேர்ந்த மலையேற்றக் குழுக்கள் வந்தன. நாங்கள் வந்தோம்.

2018 மார்ச் 11, ஞாயிறு சாயங்காலம். மயிலாப்பூர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. குரங்கணி மலையில் காட்டுத் தீ, மாணவிகள் சிக்கினார்கள் என்று முதலில் வந்தது. பிறகுதான் அவர்கள் மலையேறப் போனவர்கள், சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூரிலிருந்து இன்னொன்று என்று தெளிவானது. சென்னைக் குழுவில் பெரும்பாலும் இளம்பெண்கள். முந்தைய நாள் கொழுக்குமலைக்கு ஏறி, ராத்திரி தங்கி, அன்றைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒத்தமரம் என்று சொல்லும் பகுதியில் தீ சூழ்ந்தது. அன்றைக்கே ஒன்பது பேர். பிறகு தேனி, மதுரை, சென்னை என்று ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொருவராக, இருபதுக்கும் மேல் போனது எண்ணிக்கை.

எந்தப் பாதைக்கு அனுமதி வாங்கினார்கள், எந்தப் பாதையில் போனார்கள், யார் அனுப்பினார்கள் என்பது அப்போது பெரிய விவாதம். அரசு விசாரணையும் நடந்தது. நான் அதற்குள் போகவில்லை. என்னை உறுத்தியது வேறு. நான் டிசம்பரில் ஈரமாகப் பார்த்த அந்த மலையை மார்ச்சில் நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டேன். தேனிப் பக்கச் சரிவு மழை மறைவுப் பகுதி. மூணாறில் பச்சை இருக்கும்போதே இங்கே ஆளுயரப் புல் காய்ந்து வைக்கோலாகிவிடும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் போகும், சுடர் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுவதால். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புக்காரர்களின் தோராயக் கணக்கு. செங்குத்தில் மனிதன் அதோடு ஓடிப் போட்டி போட முடியாது. ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கினால் அது புகைபோக்கி மாதிரி இழுக்கும். புல் இல்லாத பாறை, ஏற்கனவே எரிந்து கருகிய தரை, இவைதான் ஓரளவு பத்திரம். பயத்தில் கால் போவது வேறு பக்கம்.

எங்கள் வழிகாட்டி அந்த டிசம்பரிலேயே ஒன்று சொல்லியிருந்தார். "மாசி பங்குனியில வராதீங்க தம்பி, மலை காஞ்சு கெடக்கும்." வெயிலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் குழுவில் ஒருத்தரும் திருப்பிக் கேட்கவில்லை. மார்ச்சில் விடுமுறை சேர்ந்து வந்திருந்தால் நாங்களும் போயிருப்போம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. சுமை தூக்கி அந்த வழியில் நடந்தவனுக்கு எந்த மாசத்தில் எந்தச் சரிவு ஆகாது என்பதும் சேர்ந்தே தெரியும். நாங்கள் பாதையை மட்டும் இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டோம்.

அன்றைக்கு முதலில் மேலே ஏறியதும் ஊர்க்காரர்களும் பழங்குடி மக்களும்தான். ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் பிறகு வந்தார்கள். இருட்டில், புகை நடுவே, போர்வையைக் கம்பில் கட்டி டோலியாக்கி, காயம்பட்டவர்களைத் தோளில் வைத்து இறக்கினார்கள். அந்தப் படத்தைப் பேப்பரில் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி துரைகளையும் துரைசாணிகளையும் மலைக்கு ஏற்றிய அதே டோலி.

அதே வருஷம் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளைத் திறந்து, இணையத்தில் பதிவு செய்யும் ஏற்பாடு கொண்டுவந்தது. குரங்கணியிலிருந்து சாம்பலாறு வரை போகும் பாதையும் அதில் உண்டு. உள்ளூர் ஆட்களும் பழங்குடியினரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தீக் காலம் என்று பாதைகளை மூடினார்கள். மாசி பங்குனி.

2023 ஜூனிலிருந்து நம்ம சென்ட்ரலிலிருந்தே போடிக்கு ரயில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள். மழை விட்ட டிசம்பராகப் பார்த்துப் போகலாம் என்று இருக்கிறேன். பழைய பையைப் பரணிலிருந்து இறக்கி, 2013-இல் என்னென்ன வைத்திருந்தேனோ அதையெல்லாம் ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டு, நேற்று எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். பதினொன்றரை கிலோ காட்டியது.